ஜூ கார்டும் சூப்பர்வைசரும்

என் மகளின் இடது கை இன்றும் முழுதாக நீளாது. முழங்கை கொஞ்சம் மடங்கியே நிற்கும். தெரியாதவர்கள் பார்த்தால், எதையோ வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியவள் பாதியில் மனம் மாறிவிட்டாள் என்று நினைப்பார்கள். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனிதனின் முகம் ஞாபகத்துக்கு வரும். அவனை நான் என்ன செய்தேன், எப்படிச் செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். அதற்கு எனக்குக் கை கொடுத்தது ஜூவுக்குள் வருடம் முழுக்கப் போய்வர உதவும் ஒரு கார்டு.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. படிப்பு முடிந்த கையோடு சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்க வந்தவள். வடக்குப்பட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். அவர் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் ஒரகடத்தில், கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கற்றையாகக் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். ஆளுயரப் பலகை ஒன்று சாய்வாக நிற்கும். அதில் ஒயரைப் படம் போல விரித்து, டேப் சுற்ற வேண்டும். பலகைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருத்தி விலகினால் அந்த இடத்தில் ரிலீவர் என்று இன்னொருத்தி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மொத்த லைனும் நின்றுவிடும். போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வீட்டிலிருந்து அவசரம் என்றால் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்குப் போன் செய்வார்கள். கேட்டிலிருந்து சூப்பர்வைசருக்குச் சொல்வார்கள். சூப்பர்வைசர் வந்து எங்களிடம் சொல்வார்.

அன்று மகள் பள்ளியில் சறுக்குமரத்திலிருந்து விழுந்துவிட்டாள். காலை இடைவேளையிலேயே டீச்சர் கேட்டுக்குப் போன் செய்து, கேட்டிலிருந்து சூப்பர்வைசருக்கும் சேதி போய்விட்டது. என் கணவரின் போன் கிடைக்காததால், நான் கிளம்பி வந்துகொண்டிருப்பேன் என்றே டீச்சர் நம்பியிருக்கிறார். நான் டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். சாப்பிடப் போனேன், வந்தேன், மறுபடி சுற்றினேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் எத்தனையோ முறை நடந்து போனார். ஷிஃப்ட் முடிந்து கையுறையைக் கழற்றும்போதுதான் நின்றார்.

"இந்தாம்மா, உன் புள்ளைக்கு ஏதோ அடியாம். ஸ்கூல்லருந்து போன் பண்ணாங்க."

"எப்ப சார்?"

"காலைல."

"காலைலயா? ஏன் சார் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லிருந்தா இன்னா பண்ணிருப்ப? லைன வுட்டுட்டு ஓடிருப்ப. இன்னிக்கு ஆடிட்டு, செக் பண்ண ஆளுங்க வந்துகீறாங்க, ரிலீவரும் இல்ல. சின்ன அடியாத்தான் இருக்கும், போ."

பள்ளியின் ஆபீஸ் அறையில், பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். கையோடு மர ஸ்கேலைச் சேர்த்து வைத்து டீச்சர் தன் துப்பட்டாவால் கட்டியிருந்தார். அழுது முடித்துவிட்ட பிள்ளையின் முகம் அழுகிற முகத்தைவிடக் கொடுமையானது. "கண்டிப்பா அம்மா வருவாங்கன்னு மிஸ் சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முழங்கை வீங்கி உள்ளே ரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டிருந்தது. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாம்" என்றார். அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது.

கம்பெனி ஆபீஸில் போய்ப் புகார் சொன்னேன். குளிரூட்டிய அறையில் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "இது ஒரு கம்யூனிகேஷன் கேப்மா" என்றார்கள். சூப்பர்வைசர் என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. மறுநாளே, "டேப் லூசா கீது, மறுபடி சுத்து" என்றார். நான் மறுபடி சுற்றினேன். அன்றிலிருந்து எனக்குள் ஒன்று இறுகிக்கொண்டே வந்தது.

கட்டுப் பிரித்த பிறகு மகள் வெளியே போகவே பயந்தாள். அப்போதுதான் என் கணவர் அந்த ஜூ கார்டை வாங்கிவந்தார். குடும்பத்துக்கே ஒரு கார்டு. வருடம் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், டிக்கெட் வரிசையில் நிற்க வேண்டாம்.

எனக்குக் கோபம் வந்தது. "ஞாயித்துக்கெழம ஓ.டி. பாத்தா டபுள் சம்பளம். அத விட்டுட்டு குரங்கு பாக்கப் போகணுமாக்கும்?"

"ஒரு வாட்டி டிக்கெட்டு எடுத்துப் போனா, குட்த்த காசுக்கு எல்லாத்தையும் பாக்கணும்னு கொயந்தைய வெயில்ல இஸ்துகினு அலைவோம். இது இருந்தா ஒரே ஒரு யானையப் பாத்துட்டு வூட்டுக்கு வந்துர்லாம்" என்றார் அவர். "கை வலிச்சா திரும்பி வந்துர்லாம். அட்த்த வாரம் மிச்சத்தப் பாக்கலாம்."

அவர் சொன்னது சரிதான் என்று போன பிறகுதான் தெரிந்தது. ஒரு ஞாயிறு முழுக்க நீர்நாய்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம். ஒரு வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மரத்தடியில் முறுக்கைத் தின்றுவிட்டுத் திரும்பினோம், யாருக்கும் ஏமாற்றமில்லை. நஷ்டமும் இருந்தது. உள்ளே எதை வாங்கினாலும் வெளியே விற்பதைவிட விலை கூடுதல். துவைக்காத துணி ஞாயிறுதோறும் மலையாகக் குவிந்தது. என் நாத்தனார், "கார்டக் குடு, நாங்க போய்ட்டு வரோம்" என்று கேட்க, அதில் எங்கள் போட்டோ இருக்கிறது, கொடுக்க முடியாது என்று சொல்லப்போய், பொங்கல் வரைக்கும் அவள் எங்களோடு பேசவில்லை.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீர்யானைத் தொட்டிக்கு எதிரே இருந்த நிழலில் உட்கார்ந்திருந்தோம். மகள் எங்கள் கம்பெனி ஃபேமிலி டேயில் கொடுத்த தொப்பியைப் போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் தன் சின்ன மகளுக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். தொப்பியைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"அக்கா, நீங்க அந்தக் கம்பெனியா? எங்க வூட்டுக்காரரும் அங்கதான் சூப்பர்வைசரு. நாங்களும் கார்டு வாங்கிக்கீறோம், இன்னிக்குத்தான் மொத வாட்டி." பேசிக்கொண்டே என் மகளின் கையைப் பார்த்தாள். தழும்பைப் பார்த்தாள். "ஐயோ, நீங்கதானா அந்த அக்கா! கொயந்தைக்கு அடிபட்டுச்சுன்னு சேதி வந்ததும் எங்க வூட்டுக்காரரு லைன நிறுத்திட்டு, கம்பெனி வண்டியிலயே உங்கள அனுப்பி வெச்சாரே! வூட்ல வந்து சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாரு."

நான் வாயைத் திறந்தபோது அவர் வந்தார். இரண்டு கையிலும் பாப்கார்ன். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். லைனில் என் தலைக்கு மேலே கத்துகிற அதே வாய், இப்போது பாதி திறந்தபடி இருந்தது. என்னையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது.

என் கணவர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் அவர் முட்டியை அழுத்தி உட்காரவைத்தேன்.

"ஆமாம்மா, சார்தான் அனுப்பி வச்சாங்க. இல்லன்னா எம் புள்ள கதி என்னாயிருக்கும்" என்றேன், சூப்பர்வைசரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே.

அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் வீட்டில் ஒரு நாள் சண்டை வந்திருக்கும், மறுநாள் சரியாகியிருக்கும். எனக்கு ஒரு நாள் போதாது. என் கையில் ஒரு வருடம் செல்லும் கார்டு இருந்தது. அவர் கையிலும் இருந்தது.

திங்கட்கிழமை என் பலகைக்குப் பக்கத்தில் வந்து மெல்ல, "தேங்க்ஸ்மா" என்றார்.

"எதுக்கு சார்?" என்றேன். "வர்ற ஞாயித்துக்கெழமயும் நாங்க வருவோம் சார்."

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு என் பெயரைப் போட்டார். ஓ.டி. விருப்பப்பட்டால்தான். கட்டாயமில்லை. "எனக்கு ஞாயித்துக்கெழம வேல இருக்கு சார்" என்றேன். பக்கத்தில் நின்ற பெண்கள் என்னை அதிசயமாகப் பார்த்தார்கள். ஓ.டி.யை விடாதவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு.

அவரால் வராமலும் இருக்க முடியவில்லை. கார்டு வாங்கிவிட்டால் வீட்டில் பிள்ளை விடுமா? ஒரு ஞாயிறு வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டார். மனைவியும் மகளும் மட்டும் வந்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து தவறாமல் வந்தார். தான் இல்லாத இடத்தில் நான் என்ன பேசுவேனோ என்ற பயம்.

நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, "அன்னைக்கு லைன்ல என்ன நடந்துச்சின்னா..." என்று ஆரம்பிப்பேன். அவர் கையில் எடுத்த சோறு அங்கேயே நிற்கும். நான் கேன்டீன் சாம்பாரில் பல்லி கிடந்த கதைக்குப் போய்விடுவேன். இன்னொரு நாள், "சார், அன்னைக்கு என்னய அனுப்புனீங்களே, அந்த வண்டி என்ன கலரு? எனக்குப் பதட்டத்துல மறந்தே போச்சு" என்றேன்.

"வெள்ள" என்றார்.

"கறுப்புன்னு சொன்னியே?" என்றாள் மனைவி.

"கறுப்புதான். கறுப்பு."

நீர்யானை மூச்சு விட்டுவிட்டு உள்ளே போயிற்று. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அன்று வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் நின்ற கால்வலிகூடத் தெரியவில்லை.

கம்பெனியில் அவர் என்னிடம் குரல் உயர்த்துவதை நிறுத்திவிட்டார். என் டேப் லூசாக இருந்தால்கூடப் பேசாமல் போவார். அது எனக்குப் பிடிக்கவில்லை, லூசாக விட்டால் அடுத்த பலகைக்காரி தலையில்தான் விடியும், அதனால் இன்னும் இறுக்கிச் சுற்றினேன். மற்ற பெண்கள் எனக்கும் அவருக்கும் ஏதோ இருப்பதாகப் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு என் காதுக்கு வந்த அன்று கேன்டீனில் தனி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பழி வாங்குவதில் இப்படிப்பட்ட செலவுகள் இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இன்னொரு செலவு அவள். அந்த மனைவி.

அவளை வெறுக்க நான் எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை. வாலாஜாபாத்காரி. கல்யாணத்துக்கு முன்னால் சுங்குவார்சத்திரத்தில் செல்போன் தயாரிக்கும் கம்பெனி லைனில் நின்றவள். வேலையை விட்டது அவளுக்கு ஆறவே இல்லை. "அக்கா, உங்க லைன்ல ஒரு பலகைக்கு எவ்ளோ நேரம் குடுக்கறாங்க? ரிலீவர் எத்தினி பேரு?" என்று சினிமாக் கதை கேட்பதுபோலக் கேட்பாள். ஒவ்வொரு வாரமும் ஒரு ரப்பர் பந்து கொண்டுவருவாள். என் மகளை எதிரே நிறுத்தி, அந்தக் கை எட்டுகிற தூரத்துக்குக் கொஞ்சம் தள்ளியே பந்தைப் போடுவாள். "எட்டிப் புடி... இன்னும் கொஞ்சம்... அவ்ளோதான், புட்ச்சிட்டா பாரு!" ஆஸ்பத்திரியில் பயிற்சி என்றால் கத்துகிற பிள்ளை, அவளிடம் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அவள் கொண்டுவரும் எலுமிச்சைச் சாதத்தை நாங்கள் ஒரே டப்பாவில் தின்றோம்.

என் கணவருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் சொன்னார். "இன்னாமே, நீ ஜூவுக்கா வர்ற? அந்தாளப் பாக்கத்தான வர்ற. நான் கொயந்தைக்காவ வாங்குன கார்டு இது. ஒன்னு சொல்லித் தொல, இல்ல வுட்டுரு."

"சொல்லுவேன். நேரம் வரட்டும்."

நேரம் வந்தது. கார்டு முடிய இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. சூப்பர்வைசருடைய மகளுக்குப் பிறந்தநாள். ஜூவிலேயே கொண்டாடலாம் என்று மாமனார், மாமியார், மச்சான் எல்லோரையும் கூட்டிவந்திருந்தார்கள். புல்வெளியில் பெரிய ஜமக்காளம் விரித்து, கேக்கை நடுவில் வைத்திருந்தார்கள். மாமனார் வாலாஜாபாத்தில் நெல் வியாபாரம் செய்பவர், கனத்த குரல். என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்கப்பா, இந்தக் கொயந்தையோட கை இன்னிக்கு இருக்குதுன்னா எங்க மாப்ளயாலதான். லைனே நின்னாலும் பரவால்லன்னு தாய அனுப்பி வெச்சாரு. எவன் செய்வான் இந்தக் காலத்துல?"

மகள் என்னைப் பார்த்தாள். அன்று பெஞ்சில் காத்திருந்தது அவள்தானே, அவளுக்குத் தெரியும். அவள் கை அந்தப் பெரியவர் பிடியில் இருந்தது. சூப்பர்வைசர் சிரித்தார். கூச்சத்தோடு, அடக்கமாக, அந்தப் புகழ்ச்சியை ஏற்றுக்கொள்வதுபோலச் சிரித்தார். ஒரு வருடம் நான் வாயைத் திறக்காமலிருந்ததில் அவருக்குத் தைரியம் வந்துவிட்டிருந்தது.

"ஐயா, அது பொய்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் நிதானமாகச் சொன்னேன். காலையில் வந்த போன். என் முதுகுக்குப் பின்னால் அவர் நடந்த நடை. கையுறையைக் கழற்றும்போது சொன்ன சொல். மர ஸ்கேல். டாக்டர் சொன்னது. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததால் தடுமாற்றமில்லாமல் வந்தது.

அவர், "ஆடிட்டு இருந்துச்சு... ரிலீவர் இல்ல... எனக்கு வேற வழியில்ல" என்றார்.

மனைவி கத்தவில்லை. கேக் வெட்ட வைத்திருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "ரிலீவர் இல்லன்னா நீ நின்னிருக்கலாமே அந்தப் பலகைல? உனக்கு டேப் சுத்தத் தெரியாதா?" என்றாள்.

லைனில் நின்றவளால் மட்டும்தான் அதைக் கேட்க முடியும். எனக்கே அந்தக் கேள்வி ஒரு வருடமாகத் தோன்றவில்லை. மாமனார் என் மகளின் கையை மெல்லக் கீழே விட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எழுந்தார்கள். பிறந்தநாள் குழந்தை ஏன் என்று தெரியாமல் அழுதது. அதை மட்டும் நான் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை. முகத்தில் தண்ணீர் அடித்தால் வருகிற சந்தோஷம் அது. படப்பை தாண்டும்போது பஸ் ஜன்னலில் என் முகத்தைப் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் குழந்தையோடு தனியாக வந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்துகொண்டாள்.

"அன்னிக்கு மொத நாளே கேட்டேனே, ஆமான்னு சொன்னியே" என்றாள். அக்கா என்பதும் போய்விட்டது, நீங்க என்பதும் போய்விட்டது. "அவரு உனக்குப் பண்ணதுக்கு மன்னிப்பே கெடையாது. வூட்ல அத நான் பாத்துக்கறேன். ஆனா நீ ஒரு வருசம் என் பக்கத்துல உக்காந்து, என் சோத்தத் தின்னுகினு, என்ன முட்டாளாக்கி வெச்சிருந்தியே. நான் இன்னா பண்ணேன் உனக்கு?"

அவள் பந்தைப் பையிலிருந்து எடுத்தாள். என் மகள் ஆசையோடு பார்த்தாள். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என் மகளைக் கூப்பிட்டு, வழக்கம்போல எட்டாத தூரத்துக்குப் பந்தைப் போட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

கம்பெனியில் சூப்பர்வைசர் என்னைக் கடைசிப் பலகைக்கு மாற்றினார். கூலர் காற்று வராத இடம். மாற்றட்டும். அவர் வீட்டில் என்ன ஆயிற்று என்று எனக்கு முழுதாகத் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு டிபன் பாக்ஸ் கொண்டுவருவதை நிறுத்திவிட்டு எங்களோடு கேன்டீன் வரிசையில் நிற்க ஆரம்பித்தார், அதை மட்டும் பார்த்தேன். மாமனார் தன் பேரில் வாங்கிக் கொடுத்த பைக் திரும்பிப் போய்விட்டது என்று செக்யூரிட்டி சொன்னார். சில மாதம் கழித்து, லைனில் ஒரு பெண்ணின் தாய்க்கு நெஞ்சுவலி என்று கேட்டிலிருந்து சேதி வந்தது. அவர் ஓடிவந்து அவளை அனுப்பிவிட்டு, தானே அந்தப் பலகையில் நின்று டேப் சுற்றினார். பெண்களெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், இப்போதாவது மனம் இளகுகிறதா என்பதுபோல. இளகவில்லை. டேப் லூசாக இருந்தது. கடைசிப் பலகைக்கு அது வந்தபோது பிரித்துவிட்டு நானே மறுபடி சுற்றினேன்.

கார்டைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது என் கணவர், "வேணாம்மே, போதும். நீயும் ஓ.டி. போ, நானும் நிம்மதியாத் தூங்கறேன்" என்றார். லாபம் என்ன, நஷ்டம் என்ன என்று இருவரும் பேசிப் பார்த்தோம். மகள் இப்போது வெளியே வரப் பயப்படுவதில்லை, கை முன்பைவிட நன்றாக நீள்கிறது. இது லாபம். அதை நீளவைத்தவளின் முகத்தில் இனி விழிக்க முடியாது. இது நஷ்டம். அந்த ஆள் முகத்தில் வேர்வையைப் பார்த்தது எந்தக் கணக்கில் வரும் என்று அவர் கேட்டார்.

"லாபத்துல" என்றேன்.

புதுப்பித்தேன். என் மகள் ஜூ வாசலில் ஓரமாக நின்று, "இந்த வருசமாச்சும் புலியப் பாக்கலாமாம்மா? போன வருசம் பூரா நீர்யானைகிட்டயே உக்காந்திருந்தோம்" என்றாள். எனக்குச் சுரீரென்றது. புலி எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. வாசலில் நின்ற ஆளிடம் வழி கேட்டுக்கொண்டு போனோம்.